தொய்வு

கண்ணாடி ஒட்டுவது என் உத்தியோகம்.
சோலூர்மட்டம் தாண்டி, தேயிலைச் சரிவில்
லயன் வீடுகளின் சுவர் பிளந்த இடமெல்லாம்
குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு சில்லு,
இரு முனையிலும் சிமெண்ட் பொட்டு,
கீழே பென்சிலில் தேதி.

அமுக்கினால் பொறுக்கும் கண்ணாடி.
இழுத்தால் மயிரிழையும் பொறுக்காது, பட்டென்று போய்விடும்.
பொறுக்காத குணத்துக்குப் பொறாமை என்று பேர்.
அதை நம்பித்தான்
மலையிடம் வேவு பார்க்க அனுப்புகிறது எங்கள் ஆபீஸ்.

ஏழாம் நம்பர், மரியபுஷ்பம்.
மூன்று வாரமாய்ச் சில்லு முழுசாயிருந்தது.
மூன்று முறையும் எழுதினேன்: மாற்றமில்லை.

நான்காம் வாரம், மழை விட்ட ஒரு மணி நேரத்தில்
கொழுந்து மூட்டையின் பட்டை நெற்றியை இழுக்க
கழுத்தெலும்பு அமுங்க வந்தவள்
மூட்டையை இறக்கிய கையோடு
கம்பளியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

சுவர்க் கொக்கியிலிருந்து
முற்றத்துக்குக் கீழே நிற்கும் சில்வர் ஓக் வரை
நீல நைலான் கயிறு.

ஈரக் கம்பளி எட்டு கிலோவுக்குக் குறையாது.
நடுவில் அதைச் சுமக்கிற கயிறு
தொய்ந்தாக வேண்டும்.
நேராக நேராக அதன் பாடு அதிகம்;
துளியும் தொய்யாமல் நேரே நிற்க வேண்டுமென்றால்
இரண்டு யானை கட்டி இழுத்தாலும் நடக்காது.

இது ஏறக்குறைய நடந்திருந்தது.
சுண்டினேன். ரீங்காரம்.

“இப்படியா முறுக்கிக் கட்டுவது?”
“முறுக்கவா! வாரம் ஒருக்கா அவிழ்த்து
ஒரு விரக்கடை விட்டுல்ல கட்டுறேன்.
மழைக்குச் சுருங்குது சார், சனியன்.”

நைலான்.
நனைந்தால் நெகிழுமே தவிரச் சுருங்குகிற ரகமில்லை.
முடிச்சுக்கு அப்பால் தொங்கும் வால்
ஆடி மாசம் முழ நீளம், ஆட்டுக்குட்டி மெல்லுமாம்.
இப்போது என் கட்டைவிரல் அளவு.

மரத்தைப் பார்த்தேன்.
அது எங்கோ பார்ப்பதுபோல் நின்றது.

கொடிக்கு நேர் கீழே சேம்பு இலைகளை விலக்க
மண் வாய் திறந்திருந்தது.
கை விட்டேன். முழங்கை வரை போயிற்று. உள்ளே குளிர்.
ஏறி மிதித்தால் லாரியைத் தாங்கும் மண்,
இரண்டு பக்கம் இழுத்தால்
சோற்றுப் பருக்கை மாதிரி விட்டுவிடும்.

வீடு அப்படியேதான் இருந்தது.
கண்ணாடியிலும் கீறல் இல்லை.
முற்றம் மட்டும் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது,
சில்வர் ஓக்கையும் கூட்டிக்கொண்டு,
வாரத்துக்கு ஒரு விரற்கடை.

படிவத்தில் துணிக்கொடிக்குக் கட்டமில்லை.
‘இதர’ என்ற இடத்தில் எழுதினேன்.
போனில் கேட்டார்கள்: “என்ன கயிறு?”
சொன்னேன்.
“நாளைக்குப் பார்க்கலாமே.”
இன்றைக்கே என்றேன். என் குரல் எனக்கே புதிதாயிருந்தது.

இருட்டுவதற்குள் பதினோரு குடும்பமும்
பள்ளிக்கூடத்துக்கு ஏறின.
டிவி, அரிசி, மாதா படம், கோழிக்கூடை.
கடைசியாய்க் கொடியை அவிழ்க்கப் போனாள் மரியபுஷ்பம்.
முடிச்சு நகத்துக்கு மசியவில்லை; கத்தி வைத்தாள்.

அறுந்த கயிறு அவள் கைக்கு வரவில்லை.
கம்பளியை உதறிவிட்டு
மரத்தின் பக்கம் துள்ளி ஓடியது.

சற்று நேரம் கொக்கியையே பார்த்தாள்.
“இம்புட்டு நாளா மலையை
நாந்தான் புடிச்சு வெச்சிருந்தேனா?”
சிரித்தாள்.
அதை எடுக்க இறங்கப் போனவளைத் தடுத்தேன்.
“எழுபது ரூபா சார் அது.”

மறுநாள் மதியம் போனபோது
நான்காம் வகுப்பு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே
வேறொரு கயிறு, மஞ்சள் நிறத்தில்.
தாராளமாய்த் தொய்யவிட்டுக் கட்டியிருந்தாள்.
ஈரச் சேலையின் முந்தி
தரையைத் தொட்டு, தூசியில் புரண்டுகொண்டிருந்தது.
எடுத்துவிடப் போனேன்.
இருக்கட்டும் என்றாள்.